இறைச்சிப் பன்றிக்கு என்ன கோளாறு? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வீட்டுத் தேவைக்கு ஒன்றோ இரண்டோ பன்றி வளர்ப்பவருக்கு, கோளாறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பன்றி இருப்பதில்லை. நூறு பன்றி உள்ள பண்ணையில் ஒன்று மட்டும் ஒதுங்கிப் படுத்தால் உடனே கண்ணில் படும். ஒற்றைப் பன்றி சுருண்டு கிடந்தால் ‘வெயில் போலிருக்கிறது’ என்று இரண்டு நாள் ஓடிவிடும். அதனால் நோயின் பெயரில் தொடங்காமல், கண்ணுக்கு முதலில் தெரிவதிலிருந்து தொடங்குகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, உடல் வெப்பம். இன்னொன்று, அறுக்க இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்பது.

இரண்டாவதைப் பலரும் நினைப்பதே இல்லை. எட்டு வாரக் குட்டியாக 15 முதல் 20 கிலோ எடையில் வாங்கினால், ஆறு மாத வயதில் 100 கிலோவைத் தொடும். ஆக உங்கள் கையில் இருப்பது சுமார் நான்கு மாதம். ஒவ்வொரு மருந்துக்கும், கடைசி வேளை கொடுத்த பிறகு இறைச்சிக்காக அறுக்கக் காத்திருக்க வேண்டிய நாட்கள் லேபிளில் அச்சாகியிருக்கும். சிலவற்றுக்குச் சில நாட்கள், சிலவற்றுக்குப் பல வாரங்கள். முதல் மாதத்தில் யோசிக்காமல் போடக்கூடிய ஊசியைக் கடைசி மாதத்தில் போட்டால், அறுக்கும் தேதியே தள்ளிப்போகும். எனவே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி. இதற்கு மேல் எந்தப் பதிவேடும் தேவையில்லை.

வெப்பம் பார்ப்பது எளிது. பன்றி தின்றுகொண்டிருக்கும்போது, எண்ணெய் தடவிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்து, சத்தம் வரும்வரை பிடித்திருங்கள். கைப்பிடியில் ஒரு நூல் கட்டிக்கொள்வது நல்லது, உள்ளே போனது திரும்ப வரவேண்டும் அல்லவா. 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் இயல்பு. ஓடிய பிறகும் நடுப்பகலிலும் கொஞ்சம் கூடும். நிழலில் சும்மா படுத்திருந்த பன்றிக்கு 40-க்கு மேல் என்றால் காய்ச்சல். 41-ஐத் தாண்டினால் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 38-க்குக் கீழே இறங்கி, பன்றியும் துவண்டு கிடந்தால் அது இன்னும் மோசம். காய்ச்சல் இல்லையென்றால், பெரும்பாலும் காரணம் தண்ணீரிலோ தீவனத்திலோ கொட்டிலிலோ இருக்கும். அதைத் தேடுவது உங்கள் வேலை.

தீவனத்தைத் தொடவில்லை

தொட்டியில் தீவனம் மிஞ்சினால் முதலில் தீவனத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். தாகத்தோடு இருக்கும் பன்றி தின்னாது. நிப்பிள் (பன்றி வாயால் அழுத்தினால் தண்ணீர் வரும் குழாய் முனை) வைத்துத் தண்ணீர் விடுபவர்கள், அதை அழுத்தி, கீழே ஒரு பாத்திரத்தை ஒரு நிமிடம் பிடித்து அளக்கவும். வளரும் பன்றிக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவில் வர வேண்டும். அரை லிட்டருக்கும் குறைவு என்றால் காரணம் கிடைத்துவிட்டது: அழுக்கு அடைப்பு, அல்லது குழாயில் அழுத்தம் போதவில்லை. தொட்டியில் விடுபவர்கள் உள்ளே சாணம் கிடக்கிறதா என்று பாருங்கள். வெயில் படும் கறுப்புக் குழாயில் பகலில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தாலே புரியும், அதை யாரும் குடிக்க மாட்டார்கள்.

தண்ணீர் சரி என்றால், பன்றி விரும்பித் தின்னும் பழத்துண்டு எதையாவது கையில் நீட்டுங்கள். அதை ஆவலாகத் தின்றுவிட்டு, தீவனத்தை மட்டும் முகர்ந்துவிட்டு விலகினால், கோளாறு மூட்டையில். பூஞ்சை பிடித்த தானியத்தில் உண்டாகும் சில நச்சுகளைப் பன்றி மிகக் குறைந்த அளவிலேயே கண்டுகொள்ளும். மூட்டையின் அடியில் கைவிட்டு எடுத்து முகருங்கள். கட்டி தட்டியிருந்தாலோ மக்கிய நாற்றம் வந்தாலோ முழு மூட்டையையும் ஒதுக்குங்கள். வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பூஞ்சை காயும், நச்சு போகாது. பெட்டைக் குட்டிகளுக்குப் பருவம் வருமுன்பே பிறப்புறுப்பு வீங்கிச் சிவந்தாலும் பூஞ்சைத் தீவனத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பழத்தையும் தீவனத்தையும் சேர்த்தே ஒதுக்கினால் நோய். வெப்பம் பாருங்கள்.

இதில் மூன்று விதிவிலக்குகள். வாங்கி வந்த குட்டி முதல் ஓரிரு நாள் அரைகுறையாகத் தின்பது இயல்பு. இடமும் தீவனமும் கூட்டமும் ஒரே நாளில் மாறியிருக்கின்றன. பழைய இடத்தில் தின்ற தீவனத்தையே ஒரு வாரத்துக்கு வாங்கி வந்து, புதியதைச் சிறிது சிறிதாகக் கலப்பது நல்லது. அடுத்தது வெயில். பன்றிக்கு வியர்வை வழிந்து உடம்பு குளிரும் வழி கிடையாது. பெரிய பன்றி 27 டிகிரியை ஒட்டியே தீவனத்தைக் குறைக்க ஆரம்பிக்கும். பகலில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்து இரவில் தின்றால் அது நோயல்ல. நிழலும் சேற்றுக் குழியும் கொடுத்து, தீவனத்தை விடியலிலும் அந்திக்குப் பிறகும் வையுங்கள். வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தால் அது ஆபத்து: இருக்கும் இடத்திலேயே நிழல் போட்டு, தரையையும் கால்களையும் வயிற்றையும் நனைத்து, விசிறுங்கள். எழுப்பி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மூன்றாவது கொஞ்சம் மறைவானது. தோல் வெளுத்து, சாணம் தார் போலக் கறுத்து, பன்றி விட்டுவிட்டுத் தின்றால் இரைப்பைப் புண்ணாக இருக்கலாம். மாவாக அரைத்த தீவனமும், பட்டினியும் தீனியுமாக மாறிமாறி வருவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். கொரகொரப்பாக உடைத்த தானியத்தை நேரம் தவறாமல் போடுவதே தடுக்கும் வழி.

தள்ளாடுகிறது, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது

இதைப் பார்த்ததும் பலரும் வெறிநோய், விஷம் என்று பதறுவார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கடந்த சில நாட்களில் தண்ணீர் எப்போதாவது நின்றதா?

பன்றிக்கு உப்பு நச்சு என்று சொல்லப்படும் கோளாறில், பெரும்பாலும் உப்பு கூடியிருக்காது, தண்ணீர் குறைந்திருக்கும். சாதாரணத் தீவனத்தில் உள்ள உப்பே, தண்ணீர் இல்லாதபோது மூளையில் தேங்கிவிடுகிறது. முதலில் தாகம், அரிப்பு, மலச்சிக்கல். பிறகு கண் தெரியாததுபோல் அலையும், கூப்பிட்டால் திரும்பாது. அடுத்த கட்டத்தில் நாய்போல் உட்கார்ந்து தலையைப் பின்னுக்கும் மேலுக்கும் வெட்டி வெட்டி இழுத்து, பக்கவாட்டில் விழுந்து வலிப்பு வரும். கொஞ்ச நேரம் ஓய்ந்து, மறுபடியும் வரும். தொடக்கத்தில் காய்ச்சல் இருக்காது.

இங்கேதான் நல்ல எண்ணமே கொன்றுவிடும். தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்ததும் தொட்டி நிறைய ஊற்றுவார்கள். உப்பு தேங்கிய மூளைக்குள் தண்ணீர் திடீரெனப் பாய்ந்தால் மூளை வீங்கும். அரைகுறையாக இருந்த பன்றி முழுதாக விழுந்துவிடும். மணிக்கு உடல் எடையில் 0.5 சதவீதம்தான் கொடுக்க வேண்டும். 50 கிலோ பன்றிக்கு அது மணிக்குக் கால் லிட்டர். கெஞ்சினாலும் கத்தினாலும் அவ்வளவுதான். இப்படியே இயல்பு நிலைக்குக் கொண்டுவரச் சில நாட்கள்கூட ஆகும். அதற்குள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வலிப்பு தொடங்கிவிட்ட பன்றி பிழைப்பது கடினம். ஊறுகாய்த் தண்ணீர், உப்புக்கண்டம் கழுவிய நீர், மோர் வடித்த உப்பு நீர் எதையும் பன்றிக்குப் போடும் சமையலறைக் கழிவில் சேர்க்காதீர்கள்.

தண்ணீர் ஒருபோதும் நிற்கவில்லை என்றால் வேறு இரண்டு சாத்தியங்கள். பால் மறந்து ஓரிரு வாரமே ஆன குட்டிக்கு இமை வீங்கி, குரல் கம்மி, நடை தடுமாறினால் அது குடல் கிருமியின் நச்சால் வரும் வீக்க நோய். கொழுத்த குட்டியைத்தான் முதலில் பிடிக்கும். காய்ச்சலோடு விழுந்து கால்களைத் துடுப்புப்போல் அடித்தால் மூளைக்காய்ச்சல். இரண்டுக்கும் மருத்துவர் அன்றே வேண்டும். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்று மனிதருக்கும் தொற்றும், கையில் வெட்டுக்காயம் இருப்பவர் தொட வேண்டாம்.

கழிகிறது

நிறத்தை மட்டும் வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது. ஆனால் யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு அவசரம் என்பதைச் சொல்லும்.

தீவனம் மாற்றிய இரண்டு மூன்று நாளில், காய்ச்சல் இல்லாமல், சுறுசுறுப்பாக இருக்கும் பன்றிக்குச் சாணம் இளகினால் அது பெரும்பாலும் மாற்றத்தால்தான். பழைய தீவனத்துக்குத் திரும்பி, அளவைப் பாதியாக்கி, ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். ஒரே நாளில் கூடை நிறையப் பழம் போட்டவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

பால் மறந்த புதுக் குட்டிக்கு மஞ்சளாக நீர்போல் போனால் நீரிழப்பே முதல் எதிரி. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. எல்லாம் தலைதட்டி அளந்தது. பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். குளிரில் நடுங்கும் குட்டிக்கு எந்த மருந்தும் வேலை செய்யாது. காற்று அடிக்காத மூலையில் காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் போடுங்கள். தோலை இழுத்துவிட்டால் மடிப்பு உடனே படியாமல் நின்றால், கண் குழி விழுந்தால், மருத்துவரை அழைக்க வேண்டும்.

சளியும் இரத்தமும் கலந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. பன்றிச் சீதபேதியாகவும் இருக்கலாம், சாட்டைப்புழுவாகவும் இருக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், மருந்தோ முற்றிலும் வேறு. ஒரு டப்பாவில் புதுச் சாணத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் வீண் மருந்துச் செலவு மிச்சம். வளர்ந்த பன்றிக்குக் கறுத்த இரத்தமாகப் போய், தோல் திடீரென வெளுத்தால் சிறுகுடல் அழற்சியின் கடுமையான வகையாக இருக்கலாம். அது மணிக்கணக்கில் கொல்லும்.

தின்கிறது, ஆனால் எடை ஏறவில்லை

கண்ணால் பார்த்து எடை சொல்வதை நம்பாதீர்கள், தினம் பார்ப்பவரின் கண் அதிகம் ஏமாறும். துணி அளக்கும் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு. இரு காதுகளுக்கு நடுவிலிருந்து வாலின் அடிவரை முதுகோடு இன்னொன்று. மார்புச் சுற்றளவு × மார்புச் சுற்றளவு × நீளம், எல்லாம் மீட்டரில், வந்ததை 69.3-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ கிலோ. மார்பு 1 மீட்டர், நீளம் 1.1 மீட்டர் என்றால் 76 கிலோ. தலை நேராக இருக்கும்போது அளக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். நல்ல தீவனத்தில் வளரும் பன்றி நாளுக்கு 600 முதல் 800 கிராம் ஏறும். ஒரு கிலோ எடைக்கு மூன்று கிலோவை ஒட்டிய உலர் தீவனம் ஆகும்.

ஏறவில்லை என்றால் தீவனத்தில் உள்ள நீரைக் கணக்கிடுங்கள். சமையலறைக் காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர்தான். பத்து கிலோ வாளியில் உலர்ந்த பொருள் இரண்டு கிலோ தேறினால் அதிகம். பன்றி வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பட்டினியாக இருக்கும். அடுத்தது புரதம். வெறும் மக்காச்சோளமும் தவிடும் போட்டால் கொழுப்பு போடும், தசை போடாது. சிறு குட்டிக்குப் புரதம் 18 சதவீதத்துக்குக் குறையாமல், நடுவயதில் 16, கடைசியில் 14 இருக்க வேண்டும். மக்காச்சோளத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. சோயா புண்ணாக்கு அதை ஈடுகட்டுகிறது. சோயாவை வறுக்காமல் பச்சையாகக் கொடுத்தால் புரதம் செரிப்பதையே அது தடுக்கும்.

தீவனம் சரி, எலும்பு தெரிகிறது, வயிறு மட்டும் உப்பலாக, முடி சிலிர்த்து நின்றால் குடற்புழு. உருண்டைப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். போன வருடப் பன்றி கிடந்த அதே இடத்தில் புதுக் குட்டியை விட்டால் முதல் நாளே விழுங்கத் தொடங்கும். விழுங்கிய முட்டை, முட்டையிடும் புழுவாக வளர 6 முதல் 8 வாரம். அதனால்தான் வந்ததும் ஒருமுறை, அதன்பின் 6 முதல் 8 வாரத்தில் மறுமுறை மருந்து கொடுக்கிறோம். இந்த அட்டவணையில் இரண்டாவது வேளை, அறுக்கும் தேதிக்கு வெகு முன்பே முடிந்துவிடும்.

ஒற்றைப் பன்றியும் ஒரு காரணம். பன்றி கூட்டமாக வாழும் பிராணி. போட்டிக்கு இன்னொன்று இல்லாதபோது மெத்தனமாகத் தின்னும். என்னைக் கேட்டால் ஒன்று வளர்ப்பதைவிட இரண்டு வளர்த்து ஒன்றை விற்பதே வேலை குறைவு.

இருமுகிறது

கொட்டிலுக்குள் போய், பன்றியின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனிந்து, ஐந்து நிமிடம் மூச்சு விடுங்கள். கண் எரிந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டாம்: அமோனியா. ஈரப் படுக்கையை அள்ளிவிட்டு, மேலே காற்று வெளியேற வழி விடுங்கள். தூசி பறக்கும் தீவனத்தைச் சற்றே நனைத்துப் போடுங்கள்.

காற்று சுத்தமாக இருந்தும், புது மண்ணில் விட்ட ஓரிரு வாரத்தில் இருமல் வந்தால் புழுவை நினைக்க வேண்டும். உருண்டைப்புழுவின் குஞ்சுகள் ஈரல் வழியாக நுரையீரலுக்குப் போய்த்தான் குடலுக்குத் திரும்புகின்றன. மண்ணைக் கிளறி மண்புழு தின்னும் பன்றிக்கு நுரையீரல் புழுவும் வரும். எழுப்பி ஓட்டும்போது மட்டும் வறட்டு இருமல், தின்பதில் குறையில்லை, வாரக்கணக்கில் தொடர்கிறது என்றால் மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியால் வரும் நிமோனியாவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். திடீரென்று காய்ச்சல், வயிறு ஏறி இறங்கும் மூச்சு, மூக்கில் இரத்த நுரை என்றால் அது வேறு ரகம்; அன்றே ஊசி இல்லையென்றால் பிழைக்காது.

வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் இருந்தால் அவர் கொட்டிலுக்குப் போக வேண்டாம். இன்புளுயன்சா இருபக்கமும் தொற்றும்.

தோல்

ஓயாமல் சுவரில் உரசுகிறது, காதுக்குள் பழுப்பாகப் பொருக்கு: சொறி. பேனாக இருந்தால் கண்ணுக்கே தெரியும், பன்றிப் பேன் பெரியது. சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி, 14 நாள் கழித்து இன்னொன்று. முதல் ஊசி முட்டைகளைக் கொல்லாது. இரண்டாவதை விட்டுவிட்டு ‘மருந்து பலிக்கவில்லை’ என்பவர்கள் பலர். காத்திருப்பு நாட்கள் வாரக்கணக்கில் இருப்பதால், அறுக்க மூன்று வாரமே இருக்கும் பன்றிக்கு இதைத் தொடங்குவதில் அர்த்தமில்லை. ஒன்று, தேதியைத் தள்ளிப்போட வேண்டும். அல்லது படுக்கையை மாற்றி, பொறுத்துக்கொண்டு, அறுத்த பிறகு கொட்டிலைக் காலி செய்து கழுவ வேண்டும். சொறிப்பூச்சி பன்றியை விட்டு நீண்ட நாள் வாழாது.

வெள்ளைத் தோல் பன்றியின் முதுகும் காதும் மட்டும் சிவந்து, தொட்டால் கத்தினால் வெயில் சுட்டது. நிழலும் சேறும் போதும்.

சாய்சதுர வடிவில், தொட்டால் மேடாகத் தெரியும் சிவப்புத் திட்டுகள், கூடவே 40-க்கு மேல் காய்ச்சல்: பன்றி அக்கி. மற்ற நோய்களில் இவ்வளவு வெளிப்படையான முத்திரை அரிது. இருண்ட தோலில் நிறம் தெரியாது, கையால் தடவிப் பாருங்கள். பென்சிலின் ஊசிக்கு ஓரிரு நாளில் நன்றாகக் கேட்கும். விட்டுவிட்டால் மூட்டிலும் இதயத்திலும் தங்கிவிடும். வெட்டுக்காயம் வழியாக இதுவும் மனிதர் கைக்கு வரும்.

காதும் வயிறும் நீலம் பாய்ந்திருக்கிறது, மூக்கில் கொப்புளம், திடீர்ச் சாவு

இந்தப் பகுதிக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அதிகக் காய்ச்சல், காது நுனியும் வயிறும் தொடையின் உட்புறமும் ஊதா நிறம், ஒன்றன்பின் ஒன்றாகச் சாவு என்றால் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலோ, கிளாசிகல் பன்றிக்காய்ச்சல் எனப்படும் வேறொரு வைரஸ் நோயோ என்று எடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். மூக்கிலும் குளம்பு ஓரத்திலும் கொப்புளம், எல்லாம் ஒரே நாளில் நொண்டுகின்றன என்றால் கோமாரி. அரசுக் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவியுங்கள். அவர்கள் வரும்வரை எதையும் விற்கவோ, அறுக்கவோ, இடம் மாற்றவோ கூடாது. உங்கள் செருப்பும் துணியும்கூட அடுத்தவர் கொட்டிலுக்குப் போகக் கூடாது.

ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கோ மருந்து இல்லை. அந்த வைரஸ் உறைந்த இறைச்சியிலும் உப்பிட்ட இறைச்சியிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இறைச்சி கலந்த எச்சில் உணவைப் பன்றிக்குப் போடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றமாக இருப்பது இதனால்தான். ‘இத்தனை காலம் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை’ என்ற வாதத்துக்கு என்னிடம் மரியாதை இல்லை.

நொண்டுகிறது

குளம்பைக் கழுவிப் பார்க்காமல் ஊசி போட வேண்டாம். பிளவு, குத்திய ஆணி, கரடுமுரடான சிமெண்ட் தேய்த்த புண் ஆகியவையே அதிகம். வழுக்கும் தரையில் காலை விரித்து விழுந்ததும் உண்டு. மூட்டு சூடாக வீங்கியிருந்தால் தொற்று. வீக்கமும் காயமும் இல்லாமல், தானியமும் தவிடும் மட்டுமே தின்று, கொட்டிலுக்குள்ளேயே வளர்ந்த பன்றி கால் வளைந்து நடந்தால் சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் டி-யும் போதவில்லை. தாது உப்புக் கலவை சேர்த்து, வெயிலில் விடுங்கள்.

கடைசி மாதத்தில் நொண்டத் தொடங்கிய பன்றிக்குக் காய்ச்சல் இல்லை, எடை 90 கிலோவை ஒட்டிவிட்டது என்றால் வைத்தியத்தைவிடச் சீக்கிரம் அறுப்பதே இரக்கம், இலாபமும்கூட. ஆனால் எழ முடியாமல் கிடக்கும் பன்றியையும், காய்ச்சல் உள்ள பன்றியையும், ஊசி போட்டுக் காத்திருப்பு நாட்கள் முடியாத பன்றியையும் உணவுக்காக அறுக்கக் கூடாது.

வால் கடி, அடிதள்ளல், தொப்புள் வீக்கம்

வாலில் இரத்தம் தெரிந்ததும் கடிபட்டதைப் பிரித்துவிட்டு, கிளறுவதற்கு வைக்கோல் போடுங்கள். நெரிசல், சலிப்பு, உப்போ புரதமோ குறைந்த தீவனம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். அடிதள்ளி வெளியே வந்த குடல் பகுதியை மற்ற பன்றிகள் கடித்துவிடும். தனியே பிரித்து, ஈரத்துணியால் மூடி மருத்துவருக்குக் காத்திருக்கவும். பின்னால் இருமலோ கழிச்சலோ முக்கலோ இருக்கும், அதையும் தீர்க்க வேண்டும். தொப்புளில் எலுமிச்சை அளவில், அழுத்தினால் உள்ளே போகும் குடலிறக்கத்தை அப்படியே விட்டு அறுக்கும் எடைவரை வளர்க்கலாம். தரையில் உரசும் அளவு பெருத்தால் முன்கூட்டியே அறுத்துவிடுங்கள்.

வேலியைத் தாண்டுகிறது

மின்கம்பி வேலியை நேராக வெட்டவெளியில் போட்டால் குட்டி அதிர்ச்சியில் முன்னோக்கிப் பாய்ந்து வெளியே போய்விடும். முதலில் திடமான அடைப்புக்குள் ஒரு கம்பியைக் கட்டிச் சில நாள் பழக்குங்கள். பின்வாங்கக் கற்றுக்கொண்ட பிறகு, தரையிலிருந்து 15–20 சென்டிமீட்டரில் ஒன்றும் 40–45-ல் ஒன்றுமாக இரண்டு கம்பி போதும். கிளறிய மண் கீழ்க்கம்பியை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறுத்த பிறகு தெரியவரும் கோளாறுகள்

சில குறைகள் கத்தி வைத்த பிறகே தெரியும். இந்த முறை சரிசெய்ய முடியாது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அடுத்த குட்டிக்கு உதவும்.

ஈரலில் பால் தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள்: உருண்டைப்புழுக் குஞ்சு நடந்த தடம். இத்தழும்பு சில வாரங்களில் ஆறிவிடக்கூடியது என்பதால், இப்போது தெரிகிறதென்றால் கடைசி மாதத்திலும் தொற்று இருந்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் வெட்டி எறியலாம், நிறைய என்றால் ஈரல் வேண்டாம். அடுத்த குட்டிக்கு இடத்தை மாற்றுங்கள்.

தசையிலோ நாக்கிலோ, அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக, நடுவில் வெள்ளைப் புள்ளியோடு நீர்க்கொப்புளங்கள்: நாடாப்புழுவின் கட்டிகள். இந்த இறைச்சியை உண்ணக் கூடாது. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தைத் தின்றால்தான் பன்றிக்கு இது வரும். ஆகவே வீட்டிலோ சுற்றுவட்டத்திலோ ஒருவருக்குப் புழு இருக்கிறது. அந்தப் புழுவின் முட்டை மனித மூளைக்குப் போனால் வலிப்பு வரும். வீட்டார் எல்லோரும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம் இது. டிரிக்கினெல்லா புழுவோ கண்ணுக்கே தெரியாது. உப்பும் புகையும் அதைக் கொல்லும் என்று நம்ப முடியாது. உட்புறம் 71 டிகிரி வரும்வரை வேகவைப்பதே வழி. கொட்டிலில் எலியை ஒழிப்பதும் இதற்காகத்தான்.

இறைச்சி வெளுத்து, தளர்ந்து, நீர் கசிகிறது: அறுக்கும் நேரத்தில் பன்றியை ஓட்டி, பிடித்து, மிரட்டியிருக்கிறார்கள். உடல் இன்னும் சூடாக இருக்கும்போதே தசையில் அமிலம் ஏறிவிட்டது. மாறாக, கறுத்து, இறுகி, கையில் ஒட்டினால் நெடுநேர அலைச்சலில் தசையின் சர்க்கரை முழுதும் தீர்ந்துபோயிருக்கிறது. அமிலம் போதாததால் அது சீக்கிரம் கெடும். முந்தைய இரவு தீவனத்தை நிறுத்தி, தண்ணீரை மட்டும் விட்டு, பழகிய இடத்திலேயே அமைதியாக முடிப்பது இரண்டையும் தவிர்க்கும்.

முடி வரவில்லை என்றால் தண்ணீர் சூடு போதவில்லை என்று நினைத்து விறகைத் தள்ளாதீர்கள். 60 முதல் 63 டிகிரிதான் சரி. அதற்கு மேலே போனால் தோல் வெந்து முடியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மழிக்கத்தான் வேண்டும்.

வெளியே நன்றாக இருந்த தொடையில், எலும்பை ஒட்டி நாற்றம்: குளிர்விப்பது தாமதமாகிவிட்டது. இரண்டாகப் பிளந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிட்டு, தொடையின் நடுப்பகுதி 24 மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்கு இறங்க வேண்டும். குளிர்பதன வசதி இல்லாதவர் குளிர்ந்த பருவத்தை ஒட்டி அறுக்கும் தேதியை வைத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குட்டி வாங்க வேண்டும்.

கொழுப்பு எண்ணெய்போல் உருகுகிறது என்றால் கடைசி மாதங்களில் எண்ணெய் மிகுந்த தீவனம் அதிகம் போயிருக்கிறது. மீன் வாடைக்கு மீன்தூள் காரணம், கடைசி ஒரு மாதம் அதை நிறுத்தியிருக்க வேண்டும்.

வேகும்போது மூத்திர வாடை வந்தால் அது காயடிக்காத ஆண் பன்றி. பருவம் வந்த பிறகு அறுத்திருக்கிறார்கள். இந்த வாடைக்குக் காரணமான இரண்டு பொருள்களில் ஒன்றை மனிதரில் ஒரு பகுதியினரால் முகரவே முடியாது. அதனால் சமைத்தவருக்குத் தெரியாமல் விருந்தாளிக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுக் கொழுப்பைச் சட்டியில் வதக்கி, வீட்டில் நான்கு பேரை முகரச் சொல்லுங்கள். குட்டி வாங்கும்போதே காயடித்ததா என்று வாலைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

தொடையை அறுக்கும்போது சீழ்க்கட்டி உடைந்தால், அங்கே யாரோ ஊசி போட்டிருக்கிறார்கள். ஊசி எப்போதும் காதுக்குப் பின்னால் கழுத்தில்தான். சுத்தமான தோலில், புது ஊசியால். கட்டியைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்து, கத்தியைக் கழுவிவிட்டு மற்றதைத் தொடுங்கள்.